இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய்

மலைச் சைக்கிள் ஓட்டும் எந்தக் கூட்டத்திலும் சரியாக ஓட்டத் தெரியாத ஒருவன் இருப்பான். அவன் சும்மா இருக்க மாட்டான். ரிப்பேர் பார்க்க ஆரம்பித்துவிடுவான். எங்கள் கூட்டத்தில் அந்த ஆள் நான்தான்.

கூட்டம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மொத்தமே மூன்று பேர். செஞ்சி பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் நான், மினி லோடு வண்டி ஓட்டும் தாஸ், வல்லத்துப் பக்கம் கடலை பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்த குமரவேல். தாஸுக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே தொப்பை. குமரவேல் எங்களைவிடப் பத்து வயது சின்னவன். என்னை வாய் நிறைய 'அண்ணா' என்று கூப்பிடுவான்.

மூன்று பேரில் என் சைக்கிள்தான் புத்தம் புதிது. முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர், மலைப்பாம்பு தடிமனில் டயர். அதில் நான் டீக்கடை வரைக்கும் மிக அழகாகப் போய்வருவேன். பாறைச் சரிவு என்று வந்தால் மட்டும் இறங்கித் தள்ளுவேன். (கேட்பவர்களிடம் 'செயின் சரியில்லை' என்பேன். என் செயின் ஒரு வருடமாகவே சரியில்லாமல் இருந்தது.) இந்த அவமானத்தை ஈடுகட்டத்தான் போனில் ரிப்பேர் வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினேன். அலன் கீ செட் ஒன்று வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கடையின் பின்கட்டில் சைக்கிள்களைத் தலைகீழாக நிறுத்திவைத்து, டாக்டர் மாதிரி 'ம்ம்' என்று சொல்லப் பழகினேன்.

முதல் நோயாளி தாஸின் சைக்கிள். கியரைச் சரிசெய்தேன். இருபத்தோரு கியரில் நான்கு மிச்சம் இருந்தது. தாஸ் அன்றைக்கே சொல்லிவிட்டான்: "நீ எவ்ளோ வேணா பேசு மச்சான், கேட்டுக்கிறேன். வண்டிய மட்டும் தொடாத."

குமரவேல் அப்படிச் சொல்லவில்லை. என்னை நம்பினான். அவன் வாழ்க்கையில் செய்த ஒரே முட்டாள்தனம் அதுதான்.

அவன் சைக்கிள் பழையது, புதுச்சேரியில் ஒருவர் ஓட்டிவிட்டுக் கொடுத்தது. ஆனால் நாங்கள் தூக்கிக்கொண்டு இறங்கும் பாறைகளில் அவன் உட்கார்ந்தபடியே இறங்குவான். செஞ்சியைச் சுற்றிக் குன்றுகளுக்கா பஞ்சம்? கோட்டைக்குள் சைக்கிளை விட மாட்டார்கள் என்பதால், அவலூர்பேட்டை ரோட்டுப் பக்கம் ஆடு மேய்க்கும் ஒரு மொட்டைக் குன்றைப் பிடித்துவைத்திருந்தோம். அதன் உச்சியிலிருந்து அவன் இறங்குவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அதையும் சொல்லிவிடுகிறேனே, மறைத்து என்ன ஆகப் போகிறது.

அந்த வருடம் மாநில அணிக்கு ஆள் எடுக்க நீலகிரிப் பக்கம் ஒரு தேர்வு வைத்தார்கள். இருபத்து மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. குமரவேலுக்கு அதுதான் கடைசி வருடம். "இத வுட்டா அவ்ளோதாண்ணா. அடுத்த வருஷம் பெரிய ஆளுங்களோட ஓட்டணும். அவங்க வண்டி முன்னாடி நம்ம வண்டி நிக்குமா?" என்றான். தேர்வுக்குப் பதினைந்து நாள் இருந்தது. நானும் தாஸும் அவனோடு போவதாக ஏற்பாடு. நான் மெக்கானிக்காக. (சிரிக்கலாம்.)

வண்டியில் ஒரே ஒரு குறை. பிரேக் பிடித்தால் கீச்சென்று கத்தும். சாதாரணக் கத்தல் இல்லை, குன்றின் அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கும். அங்கே ஆடு மேய்க்கும் அம்மா ஒருத்தி தினமும் திட்டுவாள்: "யோவ், இன்னா நோவு அந்த வண்டிக்கு? ஆடெல்லாம் மிரளுது பாரு!"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் பார்க்கும் வண்டியா கத்துவது? சனிக்கிழமை சாயங்காலம், "வண்டிய கடையில வுட்டுட்டுப் போ. காலையில பாரு" என்றேன். அவனும் விட்டுவிட்டுப் போனான்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். டிஸ்க் பிரேக் என்பது சக்கரத்தின் நடுவில் ஒரு மெல்லிய இரும்புத் தட்டு. பிரேக்கைப் பிடித்தால் இரண்டு கட்டைகள் அந்தத் தட்டை இருபுறமும் கவ்வும். உரசும். அந்த உரசலில்தான் வண்டி நிற்கும். ஆனால் நான் வளர்ந்த வீட்டில் கத்துகிற எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்தான். கதவுக் கீல் கத்தினால் எண்ணெய், ஊஞ்சல் கொக்கி கத்தினால் எண்ணெய், கிணற்று ராட்டினம் கத்தினால் எண்ணெய். பிரேக்கும் கத்தியது. என் மனைவி சுமதியின் தையல் மெஷின் டிராயரைத் திறந்தேன்.

பக்கத்துக்கு இரண்டு சொட்டு. முன் சக்கரம், பின் சக்கரம் இரண்டுக்கும். சொட்டோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. இட்லித் தட்டில் தடவுவது போலத் துணியால் சீராக, ஒரு இடம் விடாமல் தடவினேன். சக்கரத்தைச் சுற்றிப் பிரேக்கை லேசாகத் தொட்டுப் பார்த்தேன். சத்தமே இல்லை. நின்றதா என்று பார்க்கத் தோன்றவில்லை. நான் சரிசெய்ய வந்தது சத்தத்தைத்தானே.

மறுநாள் காலை மூன்று சைக்கிள்களையும் தாஸின் லோடு வண்டியில் ஏற்றிக் குன்றின் அடிவாரத்துக்குப் போனோம். அங்கிருந்து உச்சி வரைக்கும் தள்ளல்தான். பிரேக்குக்கு வேலையே இல்லை. உச்சியில் குமரவேல் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு லீவரை அழுத்திப் பார்த்தான். கெட்டியாக இருந்தது. தாஸ் போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தான். நான் சும்மா இருந்திருக்கலாம். கேமராவைப் பார்த்ததும் சைக்கிளின் முன் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, பிரேக்கை லேசாகத் தொட்டுக் காட்டினேன்.

"சத்தமே வரல பாரு."

"இன்னாணா பண்ணீங்க?" என்றான் குமரவேல்.

"அதெல்லாம் கேக்காத. தொழில் ரகசியம்."

அவன் சிரித்துக்கொண்டே இறங்கினான். வீடியோவில் அதற்குப் பிறகு இருபது விநாடிதான். அந்த இருபது விநாடியும் என் குரல் ஓடிக்கொண்டே இருக்கும். "பார்றா, வண்டி எப்படிப் போவுதுன்னு! இந்த வேகத்துல இவன் எறங்கினதே இல்ல! எல்லாம் நம்ம கை!" பாதி வழியில் அவன் "அண்ணா!" என்று கத்துகிறான். சந்தோஷத்தில் கத்துகிறான் என்று நினைத்தேன். "அப்படித்தான், வுடாத, போ!" என்று பதிலுக்குக் கத்தினேன்.

வழக்கமாக ஒரு பெரிய பாறைக்கு முன்னால் பிரேக் பிடித்து இடது பக்கம் திரும்புவான். அன்றைக்குத் திரும்பவில்லை. நேராகப் போனான். எதிரே ஆடுகள், ஆட்டுக்கார அம்மா. அவர்கள் மேல் மோதாமல் வண்டியை ஒடித்து முள்ளுக்குள் விட்டான். முள்ளுக்குப் பின்னால் கல்.

நாங்கள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அந்த அம்மா அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்திருந்தாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்: "முன்னெல்லாம் கத்திகினு வருவான், நாங்க ஒதுங்கிக்குவோம். இன்னிக்கு ஒரு சத்தமும் இல்லாம வந்து வுழுறானே!"

தாஸ் அவனைத் தூக்கினான். நான் சைக்கிளைத் தூக்கினேன். தூக்கும்போது என் விரல் டிஸ்க் மேல் பட்டு வழுக்கியது. அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாது என்று பிறகு பல பேரிடம் சொன்னேன், தெரியும். இடுப்பில் கட்டியிருந்த துண்டை எடுத்து டிஸ்க்கை நன்றாகத் துடைத்தேன்.

காறை எலும்பு முறிந்திருந்தது. ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். குமரவேல் எலும்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கட்டிலில் படுத்தபடி பதினைந்து நாளையும் ஆறு வாரத்தையும் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்த்தான். "லீவர் கெட்டியாத்தாண்ணா இருந்துச்சு. ரெண்டையும் புடிச்சேன். ஏன் நிக்கல?"

"பழைய வண்டிடா. உள்ள இன்னா இன்னா தேஞ்சிருக்குதோ."

அப்போது அவன் நைனா வந்து சேர்ந்தார். கடலைக் கொல்லையிலிருந்து நேராக வந்திருக்கிறார், கால் முழுக்க மண். மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னா தம்பி ஆச்சு?"

"செகண்ட் ஹேண்ட் வண்டி நைனா. பிரேக் புடிக்கல" என்றேன்.

அவர் குனிந்து மகனின் சட்டையில் ஒட்டியிருந்த முள்ளை எடுத்துப் போட்டார். பிறகு, "புதுசா ஒண்ணு வாங்கித்தர நமக்கு வக்கில்லாமப் போச்சு தம்பி. அதான் புள்ள இப்படிக் கெடக்குறான்" என்றார்.

நான் தலையாட்டினேன்.

இந்த இடத்தில் ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வேண்டும் என்று நானும் பல முறை முயன்று பார்த்துவிட்டேன். வரவில்லை.

தேர்வு நடந்த அன்று குமரவேல் வீட்டில் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தான். அடுத்த வாரம் தாஸுக்குப் போன் செய்து, வண்டி ஏன் நிற்கவில்லை என்று தெரிந்தே ஆக வேண்டும் என்றானாம். புதுச்சேரியில் ஒரு சைக்கிள் மெக்கானிக்கிடம் மூவருமாகப் போனோம். வர மாட்டேன் என்று சொன்னால் சந்தேகம் வரும் என்பதால் நானும் போனேன். டிஸ்க்கைத்தான் துடைத்தாயிற்றே என்ற தைரியமும் இருந்தது.

அந்த மெக்கானிக் டிஸ்க்கைப் பார்க்கவே இல்லை. நேராகப் பிரேக் கட்டைகளைக் கழற்றி விரலால் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். "கட்டை ரெண்டும் எண்ணெய் குடிச்சிருக்கே. இது தையல் மெஷின் எண்ணெய். எங்க வீட்லயும் இருக்கு. யாருங்க டிஸ்க்குக்கு எண்ணெய் போட்டது?"

நான் கூரையில் தொங்கிக்கொண்டிருந்த டயர்களைப் பார்த்து, "அது என்ன சைஸுங்க?" என்று கேட்டேன். தாஸ் என்னைப் பார்க்காமல் வெளியே போய் நின்றுகொண்டான்.

"இதான் அந்தத் தொழில் ரகசியமாணா?" என்றான் குமரவேல்.

"தெரியாமப் பண்ணிட்டேன்டா."

"தெரியாமப் பண்ணது போவட்டும். யாரு வேணா பண்ணுவாங்க. எங்க நைனா அப்படிச் சொன்னாரே, அதுக்கு ஏன் தலையாட்டுன?"

முதல் கேள்வியில் இருந்த அண்ணா இரண்டாவதில் இல்லை. அதுதான் அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது.

நான் சும்மா இருந்துவிடவில்லை. மன்னிப்புக் கேட்க அவன் வீட்டுக்குப் போனேன். கையை வீசிக்கொண்டா போவது என்று கடையிலிருந்து ஒரு எவர்சில்வர் அண்டாவை எடுத்துக்கொண்டு போனேன். (பாத்திரக் கடைக்காரனுக்கு வேறு என்ன தெரியும்?) குமரவேல் வீட்டில் இல்லை. அவன் நைனா அண்டாவைப் பார்த்துப் பதறிப்போனார். "எதுக்கு தம்பி இதெல்லாம்? அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் இல்லன்னா எம் புள்ள இன்னா ஆயிருப்பான்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். குமரவேல் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. நானாவது சொல்லியிருக்கலாம். மோர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

எலும்பு கூடிவிட்டது. சைக்கிளும் ஓடுகிறது. கடலைப் புண்ணாக்கு மூட்டை வைக்கப் பின்னால் கேரியர் மாட்டியிருக்கிறான். மலை இறங்க வேண்டிய வண்டி மாட்டுத் தீவனம் சுமக்கிறது.

ஆனால் தாஸ் எடுத்த வீடியோ சாகவில்லை. எப்படியோ எண்ணெய்க் கதையோடு சேர்ந்து என் மச்சானின் போனுக்கு வந்து, அங்கிருந்து குடும்பம் முழுக்கப் பரவியது. கல்யாணம், காதுகுத்து, எங்கே கூடினாலும் யாராவது போட்டுவிடுவார்கள். "எல்லாம் நம்ம கை!" என்று நான் கத்தும் இடத்தில் எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள். வீட்டில் மிக்ஸி ஓடவில்லையா, டிவி செத்துவிட்டதா, உடனே "சத்தமே வரல பாரு" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நானும் சிரிப்பேன். நான் தலையாட்டியது அந்த வீடியோவில் இல்லை.

குமரவேல் பஜாருக்கு வரும்போதெல்லாம் என் கடை வாசலில் மட்டும் பிரேக்கைப் பிடிப்பான். நிற்க மாட்டான், திரும்பிப் பார்க்கவும் மாட்டான். கீச்சென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்தச் சத்தத்தை எப்படி நிறுத்துவது என்று இப்போது எனக்கு ஒழுங்காகத் தெரியும். கட்டையை உப்புத்தாளில் தேய்த்து, டிஸ்க்கை ஸ்பிரிட்டால் துடைத்தால் போதும். பத்து நிமிட வேலை. யாரிடம் சொல்வது?

போன பொங்கலுக்கு முன்னால் அவன் நைனா பானை வாங்கக் கடைக்கு வந்தார். பானையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, புள்ள வண்டி இன்னும் கத்திகினே கெடக்குது. இன்னா இருந்தாலும் பழைய வண்டிதானே. உனக்குத்தான் ரிப்பேரெல்லாம் தெரியுமே, ஒரு வாட்டி பாத்துக் குடேன்."

பில் போட்டுக்கொண்டிருந்த சுமதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஊருக்கே தெரிந்த கதை இவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துவிட்டாள். "ரெண்டு சொட்டு வுட்டாப் போதும் நைனா, சத்தமே வராது" என்றாள். என்ன ஏது என்று புரியாமல் அவரும் வாய்விட்டுச் சிரித்தார். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்ப பாத்துக் குடுக்கிறியா தம்பி?" என்றார்.

நான் தலையாட்டினேன்.