என் ரத்தத்தைச் சுற்றவிட்ட கதை

அன்பும் அதட்டலும் குறையாத அக்காவுக்கு, உன் தம்பி பயத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம், என் வலது கால் கட்டைவிரலைத் தவிர. உன் முட்டிவலியைப் பற்றி அப்புறம் கேட்கிறேன்.

ரிப்பேருக்கு வந்த வாஷிங் மெஷினைக் கால்மேல் போட்டுக்கொண்டேன் அல்லவா, அந்தப் புண் இன்னும் ஆறவில்லை. சர்க்கரை உடம்பு, லேசில் ஆறாதாம். இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் ஏதோ நகம் வெட்டுகிற மாதிரி சொன்னார். அதற்கு முன் ஒரு வழி பார்ப்போம் என்றார். என் ரத்தத்தையே எடுத்து, மெஷினில் சுற்றவிட்டு, தட்டணுக்களைப் பிரித்து, கூழாக்கிப் புண்மேல் வைப்பார்களாம். அதிலிருந்து வளர்ச்சிக் காரணிகள் என்று என்னவோ வெளிவந்து புதுச் சதையை வளர்க்குமாம். "வளர்றது எங்க நிக்கும் டாக்டர்? விரல் பாட்டுக்கு நீண்டுக்கிட்டே போனா செருப்புக்கு எங்க போறது?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே நர்ஸைக் கூப்பிட்டார்.

கட்டிலில் உட்காரவைத்து, இடது காலை இரும்புப் படியில் வைக்கச் சொல்லி, நர்ஸ் ரத்தம் எடுத்தார். குழாயை மெஷினில் வைத்து மூடினார். சுற்ற ஆரம்பித்ததுமே கடகடவென்று சத்தம். எத்தனை வருஷமா துணி பிழியிற மெஷினோட மாரடிக்கிறேன், எனக்குத் தெரியாதா? பாரம் ஒருபக்கமா சாஞ்சா மெஷின் நடந்தே வாசலுக்குப் போயிடும். உள்ளே இருப்பது போர்வையா, என் ரத்தம்! "நிறுத்துங்கம்மா, பேலன்ஸ் போச்சு!" என்று கத்தினேன். யாரும் அசையவில்லை. கட்டிலோரம் இருந்த பிளக்கை எட்டிப் பிடுங்கிவிட்டேன். மெஷின் நின்றது. கடகட நிற்கவில்லை.

நர்ஸ் குனிந்து பார்த்தார். "ஐயா, சத்தம் மெஷின்ல இல்ல. உங்க கால்தான் படியில அடிச்சுக்குது. எதிர்ப்பக்கம் தண்ணி ஊத்தின இன்னொரு குழாய் வச்சு, எடை சரிபார்த்துத்தான் ஓட்டினேன். பாதியில நின்னது உதவாது, மறுபடி ரத்தம் எடுக்கணும், அந்தக் கையை நீட்டுங்க."

"மெக்கானிக் வேலையெல்லாம் கடையோட வச்சுக்கக் கூடாதா?" என்று கூட வந்திருந்த என் பெண்டாட்டி வேறு மானத்தை வாங்கினாள். ஒருவழியாகக் கூழை வைத்துக் கட்டி அனுப்பினார்கள்.

இன்று கட்டை அவிழ்க்க வேண்டுமாம், மறுபடியும் ரத்தமாம். நான் போவதாக இல்லை. உள்ளே கறுத்துப்போயிருந்தால் என்ன செய்வேன்? பார்க்கிற தைரியம் எனக்கில்லை, அக்கா. ரொம்பப் பயமா இருக்கு. நீ உடனே கிளம்பி வந்து, என்னை இழுத்துப் போகாமல் இவளைத் தடு.

மாமாவுக்கு வணக்கம். பிள்ளைகள் இருபது விரல்களோடும் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இதுவரை முழுசாக இருக்கும்,
உன் தம்பி

பி.கு.: உறை ஒட்டுவதற்குள் இவள் இழுத்துப் போயேவிட்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கட்டை அவிழ்த்தார்கள். அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். "ஓரமெல்லாம் ரோஸா சதை வந்திருக்கு, கண்ணைத் திறந்து பாருங்களேன்" என்றாள் இவள். புண் சின்னதாகியிருக்கிறது, அக்கா! விரலை எடுக்கிற பேச்சே இப்போது வேண்டாம் என்றுவிட்டார் டாக்டர். இரண்டு கையையும் நானே நீட்டினேன். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. ஆனால் வராமல் இருந்துவிடாதே. இத்தனை நாள் என்னை அதட்டிக்கொண்டிருந்தவள், வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் ஓவென்று அழுதுவிட்டாள். நீ வந்து அவகூட கொஞ்ச நாள் இரு.