இருபது நிமிட லிஸ்பன்

என் கணவர் ஆரோக்கிய பிரபுவுக்கு லிஸ்பனில் வேலை கிடைத்தது. எனக்குப் பயம் கிடைத்தது. எட்டு மாதக் குழந்தையோடு, மொழி தெரியாத ஊரில், அவர் ஆபீஸ் போன பிறகு நான் தனியாக. பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவேன்?

"ஒங்க ஜெரினா அக்கா மாட்ரிட்லதான இருக்காக. அவுகளக் கூப்பிடு."

"அது வேற நாடுங்க."

"நாடுதான் வேற. தூரம் கம்மி." போனை நீட்டினார். விமானம் மாட்ரிட்டில் காலை பத்துக்குக் கிளம்பி, லிஸ்பனில் பத்து இருபதுக்கு இறங்குகிறது. "இருபதே நிமிசம். காரைக்குடியில இருந்து காளையார்கோவிலுக்கு பஸ்ல எம்புட்டு நேரம்?"

"ஒரு மணி நேரம்."

"அப்ப எது பக்கம்?"

கான்வென்ட்டில் சிஸ்டர் எனக்குத் தீர்க்கரேகைக் கணக்கை ஸ்கேலால் சொல்லிக்கொடுத்தவர். லிஸ்பன் கடிகாரம் மாட்ரிட்டுக்கு ஒரு மணி நேரம் பின்னால் ஓடுவது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. கல்யாணமாகி மூன்று வருடம்தானே ஆகிறது.

"காளையார்கோவில்தான் தூரம்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, காரைக்குடி செக்காலையில் அம்மா வீட்டில் சாப்பாடு. இலையில் கறி விழுந்ததும் ஆரம்பித்தேன்.

"அம்மா, அக்கா வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் இருபது நிமிசந்தானாம். இவுகளே சொன்னாக."

அம்மா கரண்டியோடு நின்றாள். "நெசமாவா மாப்பிள்ளை?"

"ஆமாத்தை."

"அப்ப எதுக்கு ரெண்டு வீடு? மூணு பேரும் ஜெரினா வீட்டுலயே இருந்துக்கங்க. நீங்க தெனம் பிளேன்ல வேலைக்குப் போயிட்டு வாங்க. சேசுராஜுக்கும் பேச்சுத்துணையாச்சு."

சேசுராஜ் அக்காவின் கணவர். தன் சிறுநீரகக் கல்லைப் பற்றி ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் பேசுவார். கல் வெளியேறி நான்கு வருடமாகிறது. என் கணவர் கையில் எடுத்த கறித்துண்டை இலையிலேயே வைத்தார். மாட்ரிட்டைச் சொல்லி மாட்டிக்கொண்டார்.

"அத்தை, திரும்பி வர்றப்ப ரெண்டு மணி இருபது நிமிசம் ஆகும்."

"அதெப்படி? ஒரே வழிதான?"

"எதிர்க்காத்தா இருக்கும்மா," என்றேன்.

"காத்து இல்ல யூஜினியா. மாட்ரிட்ல மணி வேற, லிஸ்பன்ல மணி வேற. உள்ளபடிக்கு ஒரு மணி இருபது நிமிசம். ஐநூறு கிலோமீட்டர். இங்குட்டு இருந்து மெட்ராஸ விடத் தூரம்."

"அம்புட்டுத்தான? பக்கத்து வீட்டு சின்னச்சாமி மதுரைக்கு ரெண்டு மணி நேரம் பஸ்ல தெனம் போறான்."

அவர் இடது கை விரல்களை மடக்கி எண்ணினார். "அத்தை, ஏர்போர்ட்டுக்குப் போக ஒரு மணி. அங்குட்டு ரெண்டு மணி காத்துக் கெடக்கணும். எறங்கி வீடு சேர ஒரு மணி. மழை பெஞ்சா பிளேன் லேட்டு. மொத்தம் ஆறு மணி நேரம். அவசரம்னா ஒருத்தரும் வந்து சேர முடியாது."

"ஒருத்தருமா?" என்றேன்.

"ஒருத்தரும்." சத்தியம் பண்ணுகிறவர் மாதிரிச் சொன்னார்.

"அப்ப பாப்பாவுக்குக் காய்ச்சல்னா?"

தண்ணீர்ச் செம்பை எடுத்தார். அண்ணாந்து குடித்தார்.

"அம்மா நம்ம கூடவே வரட்டுங்க," என்றேன்.

செம்பைக் கீழே வைத்தார். "அத்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்கவே ரெண்டு மாசம் ஆகுமே."

அம்மா அவர் இலையில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

"அது போன மாசமே வந்துருச்சு மாப்பிள்ளை."