நான் முறைத்தது குழாயை

கினேஷ்மாவில் வசிக்கும் மதிப்பிற்குரிய கிளாவா பெரியம்மா அவர்களுக்கு,

மாஸ்கோவிலிருந்து வெனியா மரியாதையுடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்காலும் இரத்த அழுத்தமும் இந்தக் குளிரில் அடங்கிக் கிடக்கும் என்று நம்புகிறேன். வோல்கா உறைந்துவிட்டதா? பூனை சாப்பிடுகிறதா? மரியாதை முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ரயில் பெட்டி நடத்துநர் அம்மாவிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய உப்புக் காளான் ஜாடி உடையாமல் வந்து சேர்ந்தது. ஆனால் அதைக் கொடுக்கும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதானே தம்பி அந்த பஸ் ஸ்டாப்புல முறைச்சவரு? உங்க பெரியம்மா பிளாட்பாரத்துல நின்னு எல்லாருக்கும் சொன்னாங்க. இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ளையா!" என்று கண் கலங்கினார். பின்னால் ஐம்பது பேர் பெட்டியிலிருந்து இறங்க முடியாமல் நிற்கிறார்கள். பெரியம்மா, இது உடனே நிற்க வேண்டும். நான் முறைத்தது அந்த இரண்டு பாடகிகளை இல்லை, குழாயை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் கண்ணாடியைக் கழற்றாமல் படியுங்கள். "பக்கத்து வீட்டுக்காரிகள்" என்று பெயர் வைத்துக்கொண்ட அந்த இரண்டு பெண்களின் முதல் பாட்டுக்குப் படம் எடுத்தபோது குழாயில் மழை பெய்ய வைக்கும் வேலை என்னுடையது. பாடகிகள் இருவரும் ஒரே மாதிரி சாம்பல் நிறக் கோட்டில் பஸ் நிறுத்தத்துக்கு வெளியே நனைய வேண்டும், கூரைக்குக் கீழே நனையாமல் நிற்கும் கூட்டம் அவர்களை முறைக்க வேண்டும், அவர்கள் முத்தமிட்டுக்கொள்ள வேண்டும், பஸ் வந்து கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போக வேண்டும், அவர்கள் மட்டும் நிற்க வேண்டும். கதை அவ்வளவுதான். காலையில் தண்ணீர் லாரி வந்தது, பம்பை மாட்டினேன், உயரத்தில் குழாய்ச் சட்டத்தைத் தூக்கி நிறுத்தினேன், அப்போது பார்த்து நிஜ மழையே கொட்ட ஆரம்பித்தது. சரி, இன்றைக்கு வேலை மிச்சம் என்று நினைத்தால் இயக்குநர் வானத்தைப் பார்த்து, "இந்த மழை வேஸ்ட்டுப்பா, கேமராவுல விழாது. உன் மழையை விடு!" என்கிறார். நிஜ மழைமேல் பொய் மழையை விட்டேன். ஐந்து வருடம் திரவ இயக்கவியல் படித்ததற்கு இதுதான் பலன். அதற்குள் முறைக்க வேண்டிய கூட்டத்தில் ஒருவன் மின்சார ரயில் ஓடாததால் வரவில்லை, இயக்குநர் சுற்றிலும் பார்த்தார், அவர் பார்வை என் முகத்தில் வந்து நின்றது. "இவன் சும்மா நின்னாலே போதும்!" ஒரு கறுப்புக் கோட்டை மாட்டிவிட்டுக் கூரைக்கடியில் தள்ளிவிட்டார்கள். பம்பை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டேன், ஒருவரும் காதில் வாங்கவில்லை. அங்கே நின்று நிமிர்ந்து பார்க்கிறேன், பாடகிகளின் தலைக்கு நேர்மேலே குழாயை இறுக்கிப் பிடிக்கும் இணைப்புக் கிளாம்ப் நழுவிக்கொண்டிருக்கிறது. அது கழன்றால் இரும்புக் குழாய் இரண்டு மண்டையிலும் இறங்கும். கத்தினேன், பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை. அந்த நேரத்தில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். அந்த முகத்தைத்தான் கேமராக்காரர் கிட்டே வந்து எடுத்திருக்கிறார். நீங்கள் வீடியோ காசெட்டில் நிறுத்தி நிறுத்தி உங்கள் தோழி ராயிசா யெகோரவ்னாவுக்குக் காட்டுகிறீர்களே, அந்த மானமுள்ள பார்வை, அது தளர்ந்த கிளாம்பின் மேல் விழுந்த பார்வை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாடகிகளில் ஒருத்தியின் கணவர் அன்று முழுக்கக் கேமராவுக்குப் பின்னால் பிளாஸ்கில் தேநீரோடு நின்றார். இன்னொருத்திக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது. நாடே எதற்காகக் குதிக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

நாடு குதிக்கட்டும். பாராளுமன்றப் பிரதிநிதி ஒருவர் தடை செய்யச் சொல்கிறார், பாதிரியார் ஒருவர் நோன்பு இருக்கச் சொல்கிறார், பாட்டு இன்னும் வேகமாக விற்கிறது. என் கதி என்ன? ரொட்டிக் கடை அம்மாள் எனக்கு மட்டும் உள்ளேயிருந்து சூடான ரொட்டியை எடுத்துத் தருகிறாள். மெட்ரோவில் பொடியன்கள் "ஏ, பஸ் ஸ்டாப் மாமா! எங்களையும் ஒரு தடவை முறையேன்!" என்று கத்துகிறார்கள். யாரென்றே தெரியாத ஒருவர் என் கையைக் குலுக்கிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் இறங்கிப் போய்விட்டார். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து இத்தனை பேர் என்னைப் பார்த்ததே இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை என் கதவைத் தட்டியவள் ஒருத்திதான், அவள் இப்போது வருவதில்லை.

ஆமாம், உங்கள் மகளைத்தான் சொல்கிறேன். ரீம்மாவின் பேரை எழுதினால் நீங்கள் கடிதத்தை மடித்து வைத்துவிடுவீர்கள் என்பதால்தான் இவ்வளவு தூரம் குழாயைப் பற்றி எழுதினேன். அவள் ஸோயாவோடு ஒரே வீட்டில் வாழ்கிறாள் என்று தெரிந்த அன்று நீங்கள் அவளோடு பேச்சை நிறுத்தினீர்கள், நான் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருவரும் நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வருவார்கள். நான் மாவு தேய்ப்பேன், ஸோயா கறி அரைப்பாள், ரீம்மா ஒன்றும் செய்யாமல் குறை சொல்வாள். உட்கார்ந்து பெல்மேனிக் கொழுக்கட்டை மடித்துக்கொண்டே உங்கள் சமையலறையில் போட்ட பழைய சண்டைகளையெல்லாம் திரும்பப் போடுவோம். ஜன்னலோர நாற்காலி யாருக்கு என்பது, பூண்டு பட்டாலே ரீம்மாவுக்கு உடம்பெல்லாம் தடிப்பதால் நீங்கள் காளானைப் பூண்டோடு எனக்கும் பூண்டில்லாமல் அவளுக்குமாக இரண்டு பானையில் போட்டது, என் பானையிலிருந்து ஒரு பூண்டை எடுத்து அவள் பானையில் நான் போட்டதற்கு நீங்கள் என்னைக் கரண்டியோடு துரத்தியது, எல்லாம். என் அம்மா போன பிறகு எனக்கு வீடு என்று இருந்தது அந்தச் சமையலறை. அதில் மிச்சமிருந்தது இந்த ஞாயிற்றுக்கிழமை. இப்போதும் கை பழக்கத்தில் மூன்று பேருக்கு மாவு பிசைந்துவிடுகிறேன். மிச்சத்தைப் பிறகு வறுத்துத் தின்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது, அதைப் பற்றி ஒன்றுமில்லை.

சரி, படத்தைப் பார்த்துத் தப்பாக நினைத்திருப்பாள், போய் விளக்கிவிட்டால் தீர்ந்தது என்று உங்கள் ஜாடியையும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். மணி அடித்தேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்க்கவில்லை, ஜாடியைப் பார்த்தாள். உங்கள் மூடித்துணி, உங்கள் முடிச்சு.

"அம்மா அனுப்பினதா?"

"ஆமாக்கா."

"எனக்கா?"

நான் எஞ்சினியர், மீட்டர் முள் எங்கே நிற்கிறதோ அதைத்தான் சொல்வேன். "இல்ல. எனக்கு. முறைச்சதுக்குப் பரிசாம். நான்தான் உனக்குன்னு எடுத்துட்டு வந்தேன்" என்று ஜாடியை நீட்டினேன்.

அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "டேய்! வாசப்படிக்கு மேல நீட்டாதே. சண்டை வரும்."

"சண்டை ஏற்கெனவே வந்தாச்சே. சரி, உள்ள வரட்டா?"

"வேணாம்."

"அப்ப நீ வெளிய வந்து வாங்கிக்கோ."

"மாட்டேன்."

மனிதன் விண்வெளியில் வீடு கட்டிவிட்டான், நாங்கள் இருவரும் ஒரு காளான் ஜாடியை அரையடி மரக்கட்டைக்கு இந்தப்பக்கமிருந்து அந்தப்பக்கம் கொண்டுபோக வழியில்லாமல் நிற்கிறோம். இது நீங்கள் வளர்த்த வளர்ப்பு. உங்களோடு எல்லாவற்றையும் விட்டவள் இந்த ஒன்றை விடவில்லை. உள்ளேயிருந்து ஸோயா, "ஒண்ணு அவனை உள்ள விடு, இல்ல கதவைச் சாத்து ரீம்மா! வீடே ஐஸ் பெட்டியாகுது, சூப்பும் ஆறுது!" என்று கத்தினாள். நான் படியில் நின்றபடியே கிளாம்ப், அழுத்தம், வாஷர் எல்லாவற்றையும் விளக்கினேன். பாதியிலேயே ரீம்மா தடுத்தாள்.

"உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா? கொதிக்கிற கெட்டிலைக்கூட நீ அப்படித்தான் பாப்பே. அது இல்லடா விஷயம். ரெண்டு வருஷம் கழிச்சு அம்மா போன் பண்றா. குளிச்சுட்டு ஈரத் தலையோட ஓடி வந்து எடுக்கிறேன். என்ன சொன்னா தெரியுமா? 'வெனியா எப்படிப் பாத்தான்னு பாத்தியா?' அவ்ளோதான். வெச்சிட்டா. நாலு வருஷமா நாங்க இங்க இருக்கோம், யாரும் எங்களைக் கண்டுக்கல, நிம்மதியா இருந்தோம். இப்ப லிஃப்ட்ல ஏறினா அந்தப் பாட்டை முணுமுணுக்கிறாங்க. அதைக்கூடத் தாங்கிக்குவேன். உன் மூஞ்சியைப் பாத்தா அம்மா குரல் கேக்குதுடா. நான் என்ன பண்ண?"

சரியாக அந்த நேரம் எதிர்வீட்டுக் கதவு திறந்தது, ஒரு அம்மாள் குப்பை வாளியோடு வந்தாள், என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள். "அட, நீங்க அந்தத் தம்பி! நல்லாப் பாத்தீங்க தம்பி, எங்க எல்லார் சார்பாவும் பாத்தீங்க!" ரீம்மா கதவைச் சாத்திவிட்டாள். சாத்திய கதவைப் பார்த்து, "ஜாடி என் ஜன்னல்ல இருக்கும்! உள்ள வந்து எடுத்துக்கோ!" என்று கத்திவிட்டு இறங்கினேன். அதிலிருந்து ஜாடி என் ஜன்னலின் இரட்டைக் கண்ணாடிகளுக்கு நடுவே குளிரில் இருக்கிறது. நான் திறக்கவில்லை. வெளியே போகும்போதெல்லாம் தெருவிலிருந்து பார்த்தால் என் ஜன்னலில் யாரோ நிற்பதுபோல் தெரிகிறது, பக்கத்தில் போனால் காளான்.

ஆகவே என் கோரிக்கைகள். காசெட்டில் வேறு ஏதாவது பதிவு செய்யுங்கள். என்னைப் பாராட்ட வேண்டாம், பரிசு அனுப்ப வேண்டாம். உங்கள் மகளுக்கு ஒரு ஜாடிகூட அனுப்பத் தோன்றாதவர் எனக்கு மட்டும் அனுப்பினால் அது எனக்கு எப்படி இறங்கும்? உங்களை நான் மதிக்கிறேன், ஆனால் இதில் நீங்கள் செய்தது தப்பு, சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. புத்தாண்டுக்கு நான் கினேஷ்மா வரவில்லை. நீங்களும் இங்கே வர வேண்டாம், அறை சின்னது, கட்டில் ஒன்றுதான், வெந்நீர்க் குழாய் பழுது. எனக்கு இங்கே வேலை நிறைய இருக்கிறது, தனியாக இருப்பது பழகிவிட்டது.

உங்கள் உடல்நலத்துக்கும் நீண்ட ஆயுளுக்கும் வேண்டிக்கொள்கிறேன். பூனைக்கும் ராயிசா யெகோரவ்னாவுக்கும், இந்த வரிசையிலேயே, என் விசாரிப்பைச் சொல்லவும்.

பணிவுடன்,
வெனியாமின்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மணி அடித்தது. ரீம்மா. கையில் சூப்புப் பாத்திரத்தோடு பின்னால் ஸோயா. "முறைக்காதே, காளானுக்காகத்தான் வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, கதவைச் சாத்தி, பூட்ஸைக் கழற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் ஜாடியை வாங்கினாள். முடிச்சை அவிழ்த்து மோந்து பார்த்தாள். மறுபடி மோந்தாள். கரண்டியைப் போட்டு அடிவரை கிளறினாள். ஒரு பல் பூண்டுகூட இல்லை, பெரியம்மா. அவள் அப்படியே என் ஒரே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள், ஸோயா சூப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ரீம்மா தலையைக் குனிந்தபடியே பாதி ஜாடியைத் தின்றாள். "உப்பு தூக்கலா இருக்கு. அம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியலையா? டாக்டர்கிட்ட காட்டினாளான்னு கேளு" என்றாள். கேட்கிறேன்: காட்டினீர்களா? மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம், படித்துவிட்டீர்கள் என்றால் மறந்துவிடுங்கள். வெந்நீர்க் குழாயை நாளைக்கே சரி செய்கிறேன், கட்டில் உங்களுக்கு, எங்களுக்குத் தரை இருக்கிறது. எந்த ரயில் என்று மட்டும் அவளுக்குப் போன் செய்து சொல்லுங்கள், எனக்கு வேண்டாம், அவளுக்கு. வந்ததும் படியிலேயே நின்று பேச ஆரம்பித்துவிடாதீர்கள், முதலில் உள்ளே வந்துவிடுங்கள். வரும்போது எனக்கும் ஒரு ஜாடி, பூண்டு போட்டது.