சொன்னது சொன்னபடி

ஜேடர்பாளையம்,
வெகுதானிய வருஷம், புரட்டாசி 25, செவ்வாய்க்கிழமை.

செவ்வாய்ப்பேட்டை தானிய மண்டியில் கணக்கெழுதும் மாப்பிள்ளை மருதாசலத்துக்கு மாமன் சின்னண்ணன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்காள் பெரியநாயகியும் எருமைகள் இரண்டும் சௌக்கியம். அங்கும் எல்லோரையும் அங்காளம்மன் நோயில்லாமல் வைத்திருக்கட்டும்.

விஷயம் என்னவென்றால், உன் வீட்டில் தங்கி ஹைஸ்கூலில் முதல் வருஷம் படிக்கும் என் மகள் மாரக்காளை இனி அங்கே அனுப்புவதாக இல்லை. அவளுடைய டிரங்குப் பெட்டியை யாரிடமாவது கொடுத்தனுப்பு. இதை எழுதுகிறவளும் அவளேதான். எங்கள் தெருவில் எழுதத் தெரிந்தவர் வேறு யார் இருக்கிறார்கள்? மூக்கை உறிஞ்சுகிறாள், கேட்டால் சளி என்கிறாள்.

எல்லாம் உன்னால் வந்தது. "மொத வருசந்தான் சாமி முக்கியம், கெடைக்கறதயெல்லாம் புடிச்சுக்கோணும்" என்று அவளிடம் சொன்னவன் நீதானே? ஒன்று விடாமல் பிடித்து, தசரா லீவுக்கு என் ஊட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். டிரில் படித்தாளாம், ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் "லெப்ட், ரைட்" என்று நடத்தி என் எள்ளுக்காட்டில் புதுத்தடம் போட்டுவிட்டாள். மேடைப்பேச்சு படித்தாளாம், அதை உன் அக்காளுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டாள்; குழம்பில் உப்பில்லை என்றால், "முதலாவது, உப்பு இருக்குதுங்க. ரெண்டாவது, இல்லீன்னா போட்டுக்கலாமுங்க" என்று விரல் மடக்கிப் பேசுகிறாள். அதுகூடப் போகட்டும். சுகாதாரப் பாடம் என்று ஒன்று இருக்கிறதாமே, அதில்தான் குடி முழுகியது. வெள்ளிக்கிழமை நாமக்கல்லிலிருந்து மாரக்காளைப் பெண் பார்க்க வந்தார்கள். தண்ணீர் கொண்டுபோன இவள், "காய்ச்சின தண்ணிதானுங்க, கையக் கழுவிப்போட்டு வாங்கிக்குங்க" என்றாள். பையனின் அப்பா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நெகத்துல அழுக்குங்க" என்று இவள் சோப்பையும் எடுத்து வந்துவிட்டாள்! துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போன மனுஷன், திரும்பியே பார்க்கவில்லை.

ஆகையால் படித்தவரை போதும். "எழுது சாமி, படிப்பு போதும்னு எழுது" என்றேன். எழுதிவிட்டதாகச் சொல்கிறாள். "ரெண்டு வாட்டி எழுது" என்றேன். படிப்பு போதும். படிப்பு போதும்.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். பொழுதோடு சாப்பிடச் சொல்.

இப்படிக்கு,
சின்னண்ணன் (இடது கைப் பெருவிரல் ரேகை)

பி.கு.: இது தபால்காரர் வெங்கடாசலத்தின் கையெழுத்து, சொல்வது நான்தான். மாப்பிள்ளை, தபால்பெட்டியில் போடப் போகும்போது ஒரு சந்தேகம் வந்துவிட்டது. எனக்கோ எழுத்துத் தெரியாது, கழுதை தனக்குத் தோதாக மாற்றி எழுதியிருக்குமே என்று இவரைப் படிக்கச் சொன்னேன். "ஒரு எழுத்தும் மாத்தலீங்க. ரெண்டு வாட்டி சொன்னதுகூட ரெண்டு வாட்டி இருக்குதுங்க. அந்த எடத்துல மட்டும் மை கலைஞ்சிருக்குது" என்றார். 'படிப்பு வேணும்' என்று எழுதியிருந்தால் எனக்குத் தெரியவா போகிறது? அவளுக்கும் அது தெரியுமே, மாப்பிள்ளை. கிழித்துப்போட்டு வேறு எழுதச் சொன்னேன். ஒட்டின தபால்தலையை உரிக்கக் கூடாது என்கிறார், அதனால் இதையே அனுப்புகிறேன். மேலே உள்ளதைப் படிக்காதே. டிரங்குப் பெட்டி அங்கேயே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை நானே கூட்டிக்கொண்டு வாரேன். தண்ணீர் காய்ச்சி வை. கையைக் கழுவிப்போட்டே குடிக்கிறேன்.