உறையாத நொதியும் தாங்கள் அளித்த ஃப்ரிட்ஜும்

அன்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன். நம்பிக்கை தவறாயிருந்தால் முன்கூட்டியே மன்னிக்கவும். தங்களிடம் ஒரு விண்ணப்பம். தங்கள் மகள், அதாவது எங்கள் மருமகள், இனி எந்தப் பொறுப்பையும் என்னிடம் ஒப்படைக்க வேண்டாமென்று தாங்கள் பக்குவமாக அவளுக்கு எழுத வேண்டும். நான் சொன்னால் சிரிக்கிறாள்.

நடந்தது இது. போன சனிக்கிழமை அவளும் என் மகனும் நண்பர் வீட்டு விசேஷத்துக்கு வெளியூர் போனார்கள். அவளுடைய ஆய்வுக்கூடத்துக்கு விடுமுறை என்பதால், பதினோரு வாரமாக அவள் காத்திருந்த பொட்டலம் வீட்டுக்கே வரும் என்றாள். "கையெழுத்துப் போட்டு வாங்கி, உள்ளே இருக்கறத ஃப்ரீசர்ல வெச்சிடுங்க மாமா, அவ்வளவுதான்" என்றாள். திங்கட்கிழமை காலை அவளுக்குப் பெரிய கருவியில் இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அதை விட்டால் அடுத்த முறை மூன்று மாதம் கழித்துத்தான். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் அந்த இரண்டு மணி நேரத்தில் இருந்தது.

பொட்டலம் வந்தது. பெரிய தெர்மாகோல் பெட்டி, அதற்குள் நீலநிற ஐஸ் பைகள், அவற்றுக்கு நடுவே என் சுண்டுவிரல் நுனியளவு ஒரு குழாய், அதன் அடியில் கண்ணீர்த் துளியளவு திரவம். 'மனித நொதி. ஆய்வுக்கு மட்டும். மனிதருக்குப் பயன்படுத்தலாகாது' என்று எழுதியிருந்தது. என் மனைவி எட்டிப் பார்த்து, "மனுஷனோடதுன்னா, எந்த மனுஷனோடது?" என்றாள். கூடவே வந்த காகிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, யாருடைய உடம்பிலிருந்தும் எடுக்கவில்லை, மனித மரபணுவை ஒரு பாக்டீரியாவுக்குள் வைத்துத் தயாரிக்கச் செய்தது என்று விளக்கினேன். "அப்போ அது பாக்டீரியாவோட சமையல். என் பட்டாணிக்குப் பக்கத்துல வைக்காதீங்க" என்றாள்.

அடுத்ததை எழுதக் கை கூசுகிறது. அந்தக் காகிதத்தில் ஏழாவது வரி, தானாகப் பனியை உருக்கிக்கொள்ளும் ஃப்ரீசரில் வைக்கக் கூடாது என்றது. அவ்வகைப் பெட்டி பனி சேராமலிருக்கத் தன்னை அவ்வப்போது சூடாக்கிக்கொள்ளுமாம். எங்கள் வீட்டிலிருப்பது தாங்கள் அன்போடு அனுப்பிய அவ்வகைப் பெட்டி. அதன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் அது உத்தமமான பெட்டி.

ஆகவே தெர்மாகோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழ்வீட்டுத் தையலம்மாவிடம் போனேன். அவருடைய பழைய ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் பனி மலைபோல் வளர்ந்து கிடக்கும். குடியிருப்பு முழுவதும் அதைக் கேலி செய்யும். விஷயத்தைச் சொன்னதும் அவர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார். "மாடி வீட்டுப் புது ஃப்ரிட்ஜெல்லாம் தோத்துப்போச்சா? சொல்லுங்க சார், நல்லா சத்தமா சொல்லுங்க, எதிர்வீட்டம்மாவுக்கும் கேக்கட்டும்!"

வானிலை நிலையத்தில் முப்பத்தாறு வருடம் வெப்பநிலை குறித்தவன் நான். பிரிவுபசாரத்தில் தந்த வெப்பமானியை உள்ளே வைத்தேன். சரியாக மைனஸ் இருபது. குறித்துக்கொண்டேன். ஆனால் ஒரு மணி நேரம் கழித்துக் குழாயைச் சாய்த்துப் பார்த்தால், திரவம் ஓடியது! இரண்டு மணி நேரம் கழித்தும் ஓடியது. மைனஸ் இருபதில் உறையாத நீர் உண்டா? வெப்பமானி பொய் சொல்லாது. ஆகவே தவறு என்னுடையது என்று தீர்மானித்தேன். மருமகளைக் கேட்கலாமென்று மூன்று முறை எண்ணை அழுத்தி, மணி அடிக்குமுன் வைத்துவிட்டேன். விசேஷ வீட்டில் இருப்பவளிடம் "உன் பதினோரு வாரம் தண்ணீராகிவிட்டது" என்று எப்படிச் சொல்வது?

தெருமுனை ஐஸ்கிரீம் கடைக்கு ஓடினேன். மைனஸ் இருபத்திரண்டு. அங்கேயும் அது உறையவில்லை. கடைக்காரர் கோபித்துக்கொண்டார். "பெரியவரே, என் பொட்டியில உறையாதது எதுவும் கிடையாது. உங்க சரக்குலதான் கோளாறு." ஐஸ்கிரீம் வாங்க வந்த நான்கு பேர் குழாயைச் சுற்றி நின்று துக்கம் விசாரித்தார்கள். அவர்கள் ஐஸ்கிரீம் பெட்டியின் மூடியைத் திறக்கத் திறக்க வெப்பமானி மைனஸ் பதினான்குக்கு ஏறியது. குறித்துக்கொண்டு, பழையபடி தையலம்மா வீட்டுக்கே திரும்பினேன்.

ஞாயிறு மாலை மருமகள் செருப்பைக் கழற்றுமுன் நாற்பத்தொரு குறிப்புகள் கொண்ட நோட்டை நீட்டி, "அம்மா, உன் நொதியைக் கொன்றுவிட்டேன்" என்றேன். படித்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மாமா, அதுல பாதி கிளிசரின்! உறையக் கூடாதுன்னுதான் கலந்திருக்காங்க. உறைஞ்சு உறைஞ்சு உருகினாத்தான் செத்துப்போகும்."

"ஐஸ்கிரீம் கடையில் மைனஸ் பதினான்கு..."

"எத்தன நிமிஷம்?"

"ஒன்பது."

"அதெல்லாம் தாங்கும். நீங்கதான் தாங்க மாட்டீங்க, உக்காருங்க."

திங்கள் பதினோரு மணிக்குத் தொலைபேசியில் கத்தினாள்: "மஞ்சளாயிடுச்சு மாமா! நல்லா மஞ்சளாயிடுச்சு!" நொதி உயிரோடிருந்தால் நிறமற்ற கரைசல் மஞ்சளாகுமாம். நானும் என் மனைவியும் காரணம் முழுதாகப் புரியாமலே கைதட்டினோம். கீழே தையலம்மா எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி கைதட்டினார்.

முடிவு நல்லதாயிற்று; ஆனால் என் இதயம் ஃப்ரீசருக்கு ஏற்றதல்ல. ஆகவே மேற்படி விண்ணப்பத்தை மறவாமல் நிறைவேற்றித் தர வேண்டுகிறேன். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். சின்னவர்களுக்கு ஆசிகள், என் ஆசிக்குப் பலன் உண்டா என்பது ஐயமே, இருந்தாலும் அனுப்புகிறேன்.

என்றும் தங்கள் பணிவுள்ள,
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மருமகள் வந்தாள். அவளுடைய பேராசிரியை என் நோட்டைப் பார்த்துவிட்டு, "எங்க ஃப்ரீசருக்கே இப்படி ஒரு கணக்கு இல்லையே, அவர வரச் சொல்லு" என்றாராம். செவ்வாய், வியாழன் இரு நாளும் ஒன்பது ஃப்ரீசர்களின் வெப்பநிலையை நான் குறிக்க வேண்டுமாம், அதில் ஒன்று மைனஸ் எண்பது! என் வெப்பமானியில் மைனஸ் எண்பதே கிடையாது. சட்டைக்கு இஸ்திரி போட்டாகிவிட்டது. தாங்கள் அவளுக்கு எதுவும் எழுதிவிட வேண்டாம். இந்தப் பின்குறிப்புக்கு வருமுன்பே எழுதியிருந்தால், தயவுசெய்து அடுத்த தபாலிலேயே மறுத்து எழுதவும்.