வாடாமல்லியின் எடை

என் மனைவியின் மனச்சோர்வை மூன்றே மாதத்தில் விரட்டியடிப்பது என்று ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது முடிவெடுத்தேன். வாய் நிறைய நுரை இருந்ததால் சபதத்தைச் சத்தமாகச் செய்ய முடியவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான். இந்த வீட்டில் நான் சத்தமாகச் செய்த எந்தச் சபதமும் மத்தியானச் சாப்பாட்டைத் தாண்டி உயிரோடு இருந்ததில்லை.

அவளுக்கு மனச்சோர்வு என்று உனக்கு எப்படித் தெரியும் என்பீர்கள். எல்லாம் கண்ணால் கண்டதுதான். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறாள். கேட்டால் பதில் இல்லை. எதிரே வைத்த காப்பி ஆறி ஆடை கட்டுகிறது. சுவரையே பார்க்கிறாள். பெருமூச்சு விடுகிறாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை எதிர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியாதா?

ஆமாம், நானும் உட்கார்ந்துதான் இருந்தேன். ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன் முப்பத்தொரு வருஷம் எடை அளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை போடுகிற உத்தியோகம். 'முதலில் முத்திரையைப் பார், அப்புறம் எடையைப் பார்' என்பது என் வேதம். நான் தெருமுனையில் திரும்பினாலே கடைத்தெருவில் தராசெல்லாம் தானாக நிமிர்ந்து நிற்கும். எனக்குப் பட்டப்பெயரே 'தராசு'தான்.

ஓய்வு பெற்ற மறுநாள் காய்கறி வாங்கப் போனேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தட்டைச் சுண்டுவிரலால் அழுத்தி எடை போட்டார். விரலை ஒளிக்கக்கூட இல்லை. இதற்கெல்லாம் நான் கவலைப்படுகிற ஆளில்லை. கவலைப்படவில்லை என்பதைத்தான் ஆறு மாதமாக நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

இருக்கட்டும், கதை அவளைப் பற்றியது. நான் சபதம் செய்த அதே வாரத்தில் அவள் தனியாக டாக்டரிடம் போய்விட்டு வந்தாள். கூட வருகிறேன் என்றதற்கு, வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டாள். திரும்பி வந்ததும் சீட்டை அவளே படித்துக் காட்டினாள்: தினமும் ஒரு மணி நேரம் காலை வெயிலில் மண் வேலை. பூச்செடி வைத்தால் உத்தமம்.

"யார் மண் வேலை செய்யறது?"

"எனக்குத்தான் முட்டி மடங்காதே. நீங்க தோண்டுங்க, நான் உக்காந்து பாக்கறேன்."

"பாத்தா போதுமா?"

"போதுமாம்."

சீட்டை மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள். மருத்துவம் இவ்வளவு முன்னேறிவிட்டதே என்று நினைத்துக்கொண்டு நான் மண்வெட்டியைத் தேடப் போனேன்.

கொல்லையில் துவைக்கிற கல்லுக்கும் மதில் சுவருக்கும் நடுவே ஆறடி அகலத்தில் ஒரு துண்டு நிலம் உண்டு. அதில் வாடாமல்லி, செவ்வந்தி, கோழிக்கொண்டை மூன்றும் வைத்தேன். செடிக்குச் செடி ஒரே இடைவெளி, அளவுகோல் வைத்து. மிஞ்சின நாற்றுகளைப் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவுக்குக் கொடுத்தோம். முதல் வாரம் கை கொப்பளித்தது. இரண்டாம் வாரம் இடுப்பு என்னுடையதாகவே இல்லை. அவள் முக்காலியில் உட்கார்ந்து, அந்தச் செடி சாய்ந்திருக்கிறது, இதற்குத் தண்ணீர் போதாது என்று மேற்பார்வை பார்த்தாள். ஒரு நாள் வாளி தடுக்கிச் சேற்றில் குப்புற விழுந்தேன். ஆறு மாதத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். எழுந்து சேற்றோடு உள்ளே ஓடி, நோட்டில் 'சிரிப்பு, ஒன்று' என்று எழுதி வைத்தேன்.

செடிகள் பூத்தன. கொல்லையே ஊதாவும் மஞ்சளும் சிவப்புமாக ஆயிற்று. அவளும் பூத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். காப்பியைச் சூடாகக் குடித்தாள். பாத்திரம் தேய்க்கும்போது ஏதோ முனகிப் பாடினாள். நோட்டில் ஒரு நாளைக்கு ஏழு சிரிப்பு வரை ஏறியது.

அப்போதுதான் மேகம் திரண்டது. மழைக்காலம் வந்தால் பூவெல்லாம் அழுகிக் கொட்டிவிடும். அப்புறம் அவள் எதைப் பார்ப்பாள்? எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. மறுபடி அந்த ஜன்னல் நாற்காலியில் அவளைப் பார்க்கிற தெம்பு எனக்கில்லை. பூவைக் காயவைத்துப் பத்திரப்படுத்திவிட்டால் மழை முடிகிறவரை ஓட்டிவிடலாம் என்று தோன்றியது.

நன்றாக மலர்ந்த வாடாமல்லிப் பூக்களைக் காம்போடு வெட்டி, இருபது இருபதாகக் கட்டி, சாமான் அறையில் கம்பி இழுத்துத் தலைகீழாகத் தொங்கவிட்டேன். இருட்டில் காய்ந்தால்தான் நிறம் போகாது. காற்றும் வேண்டும், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று தையல்கார அக்கா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார்கள். சொல்வது சுலபம். அந்த அறையில் என் தராசு இருக்கிறது. ஓய்வு பெற்றபோது அலுவலகத்தில் கொடுத்த பரிசு. கொசு உட்கார்ந்தாலும் முள் நகரும். காற்றடித்தால் அந்த முள் நிலைகொள்ளுமா? ஜன்னலைச் சாத்தினேன். சந்துபொந்துகளில் காகிதத்தை அடைத்தேன். முள் சிலை மாதிரி நின்றது.

தினமும் காலையில் ஒவ்வொரு கட்டையும் தட்டில் வைத்து எடை எழுதுவேன். அவளுக்கும் பாடம் நடத்தினேன். முதல் விதி, பாத்திர எடையைக் கழிக்காமல் எடை சொல்கிறவன் மனுஷனே இல்லை. இரண்டாம் விதி, மூன்று நாள் எடை மாறாமல் நின்றால் உள்ளே ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். அவள் தலையாட்டிக்கொண்டே வெங்காயம் உரித்தாள்.

ஒன்பதாம் நாள் மூன்றாவது பூக்கட்டைத் தட்டில் வைத்தேன். முந்தின நாள் அறுபத்திரண்டு கிராம் இருந்தது. அன்றைக்கு எண்பத்தொன்று.

எனக்கு வியர்த்துவிட்டது. காய்கிற பூ எங்கேயாவது கனக்குமா? தராசைத் துடைத்தேன். படிக்கல்லை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். குற்றம் தராசில் இல்லை. முப்பத்தொரு வருஷ அனுபவம் சொன்னது: எவனோ சரக்கை மாற்றியிருக்கிறான். அன்றைக்கு மத்தியானம் தூங்குகிற மாதிரி குறட்டை விட்டுவிட்டு, நைசாக எழுந்து சாமான் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ரொம்பக் காலத்துக்கு அப்புறம் எனக்கு உற்சாகமாக இருந்தது.

கதவு திறந்தது. என் மனைவி, முறத்தோடு. முறத்தில் தையல்கார அக்கா வீட்டு வாடாமல்லி, பாதி காய்ந்தது.

"கையும் களவுமா மாட்டிக்கிட்டே," என்றேன்.

அவள் கொஞ்சம்கூடப் பதறவில்லை. கம்பியில் தொங்கிய கடைசிக் கட்டை அவிழ்த்து என் மூக்கருகே நீட்டினாள். பூவின் நடுவில் சாம்பல் நிறத்தில் மெத்து மெத்தென்று பூஞ்சை. காற்று போகாத அறையில் என் பூ மொத்தமும் கெட்டுப்போயிருந்தது. அவள்தான் என் நோட்டிலிருந்த எடைக்கு ஈடாக நிறுத்து, தினம் ஒரு கட்டாக மாற்றி வந்திருக்கிறாள்; மூன்றாவதில்தான் கணக்குத் தப்பிவிட்டது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா மறுபடி போய் அந்த நாற்காலியில உக்காந்துடுவீங்க."

"நானா? உக்காந்தது நீ. மனசு சரியில்லாம இருந்தது நீ."

"நீங்க உக்காந்தீங்க. தனியா உக்கார விட எனக்கு மனசு வரல, அதான் எதிர்ல நானும் உக்காந்தேன். டாக்டர்கிட்ட வாங்கன்னு மூணு தடவை கூப்பிட்டேன். எனக்கென்ன கேடுன்னு கேட்டீங்க."

அலமாரியிலிருந்து சீட்டை எடுத்து வந்து கொடுத்தாள். தினமும் ஒரு மணி நேரம் மண் வேலை, எல்லாம் அவள் படித்தபடியே இருந்தது. மேலே நோயாளியின் பெயர் என்ற இடத்தில் என் பெயர். வயது அறுபது. ஆண். ஊரிலுள்ள ஒரு படிக்கல்லை விடாமல் முத்திரை பார்த்தவன், வீட்டுக்கு வந்த ஒரே ஒரு சீட்டில் பார்க்கத் தவறிவிட்டேன்.

அந்தக் காய்கறிக் கடைக்காரரின் சுண்டுவிரலைப் பற்றி அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவளிடம் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு முழுசாகக் கேட்டாள். அன்றைக்கு வந்த காய் எடை குறைந்ததைப் பார்த்து, அவரிடம் வாங்குவதை அப்போதே நிறுத்தியாயிற்று என்றாள். பிறகு ஜன்னலில் அடைத்திருந்த காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். காற்று வந்தது. முள் ஆடியது. ஆடிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனாலும் ஆய்வாளர் புத்தி சும்மா இருக்குமா?

"சரி, எனக்குக் குணமாயிடுச்சா இல்லையான்னு எதை வச்சுச் சொல்றது?"

சமையலறைக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு தேதிக்குக் கீழேயும் பென்சிலால் ஓர் எண். நான் ஒரு நாளைக்கு எத்தனை பெருமூச்சு விடுகிறேன் என்று எழுதி வந்திருக்கிறாள். ஆரம்பத்தில் நாற்பது. செடி வைத்ததும் இருபத்திரண்டு. பூத்தபோது ஒன்பது.

"இப்ப மூணு நாளா நாலுலயே நிக்குது," என்றாள். "உங்க விதிப்படி ஈரம் போயிடுச்சு."

"அந்த நாலு?"

"அது கல்யாணமான நாள்லேர்ந்து இருக்கறது. பாத்திர எடை. கழிச்சுட்டுத்தான் பாக்கணும்."