கண்ணை மூடிக் கழுவிய முகம்

1979இல் சிராங்கூன் ரோட்டு மாடியறை ஒன்றில் முகஜோதி சித்தர் வந்து இறங்கினார். வரிசை படிக்கட்டில் இறங்கித் தெருமுனை வரை போனது. தஞ்சோங் பகாரிலிருந்து லீவு போட்டு வந்தவர்களும் உண்டு. பரு, மங்கு, அமையாத மாப்பிள்ளை, எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் கண் திருஷ்டி. ஒரே மருந்து ஸ்படிக பஸ்பம். ஆஸ்பத்திரிகளை இழுத்து மூடிவிடலாம்!

கண்ணை இறுக மூடிக்கொண்டு கிண்ணத்துத் தண்ணீரில் முகம் கழுவ வேண்டும். கண்ணைத் திறந்தால் தண்ணீர் பழுப்பு! சித்தர் பஸ்பம் என்ற அந்த வெள்ளைப் பொடியில் ஒரு சிட்டிகை போடுவார்; பழுப்பு மறையும். கண் வைத்தது யார் என்றும் சொல்வார். அது இலவசம்.

புக்கிட் பாஞ்சாங் பூவம்மாவின் கன்னத்தில் மங்கு.

"எதிர்வீட்டுக்காரி கண்ணும்மா" என்றார் சித்தர்.

எதிர்வீட்டு ரோசம்மா கிளினிக்கில் மருந்து கொடுப்பவர். ஒன்பது வருஷமாகத் தீபாவளிக்குப் பூவம்மா வீட்டிலிருந்து முறுக்கோடு போகும் தட்டு, கிறிஸ்மஸுக்கு கேக்கோடு திரும்பும். இந்தத் தீபாவளிக்குத் தட்டு வரவில்லை. பூவம்மா வீட்டுக் கதவும் திறக்கவில்லை. சித்தர் சொன்ன காரணம் அக்கம்பக்கத்தார் வாய்வழி வந்து சேர்ந்தது. ரோசம்மா அழுதார். அழுது முடித்ததும் கோபம் வந்தது.

ஞாயிறு பூசை முடிந்து நேராகச் சித்தரிடம் போனார். பூவம்மா அங்கேதான் இருந்தார்.

"சாமி, என் கண்ணுதானே? என் முகத்தையே கழுவிப் பாத்துருவோம்."

"கண்ணை மூடும்மா."

"மூட மாட்டேன்."

கழுவினார். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

"ஏன் சாமி, நான் பாத்தா திருஷ்டிக்கு வெக்கமா?"

கூட்டம் சிரித்தது. சித்தரின் கை இடுப்புக்குப் போனது. ரோசம்மா முந்திக்கொண்டு இடுப்பில் செருகியிருந்த குப்பியைப் பிடுங்கி முகர்ந்தார்.

"அயோடின்! வெட்டுக்காயத்துக்குப் போடுறது."

கிண்ணத்தில் நாலு சொட்டு விட்டார். பழுப்பு. தன் கூடையிலிருந்த லீமாவ் கஸ்தூரி என்ற குட்டி எலுமிச்சைப் பழங்களைப் பிழிந்தார். பழுப்பு போயே போனது. சித்தரின் பொடியையும் நாக்கில் தொட்டுப் பார்த்தார்.

"அந்தப் பொடி விட்டமின் சி உப்பு லா, பூவம்மா. இந்தப் பழத்துல இருக்கிற அதே சத்து. தோலுக்கு நல்லதுதான், புளிப்பு இல்லாததால அவ்வளவா எரியாது. காத்துப் பட்டா மஞ்சளாக் கெட்டுப்போகும். மங்கு கொஞ்சம் குறையலாம், அதுக்கும் மாசக்கணக்காகும். வெயில்ல குடை பிடி, டாக்டர்கிட்ட காட்டு. எதிர்வீட்டுக்காரியை விரட்டுற சக்தியெல்லாம் அதுக்குக் கிடையாது."

பின்கட்டுக்குப் போன சித்தர் திரும்பவே இல்லை.

அன்று மாலை தட்டு வந்தது. முறுக்கு நமுத்திருந்தது.

"கேக் வேணாம் ரோசி. கதவை மட்டும் தொற."

அன்பர்களே, முகம் கழுவும்போது சோப்புக்காகக் கண்ணை மூடுங்கள். சாமியாருக்காக மூடாதீர்கள்.